பண்டிதை இரமாபாய்

பண்டிதர் என்னும் சொல்லை ஆண்பாலுக்கே உரியதாக வழங்கிப் பழகியவர் நாம். பண்டிதை என்று அதற்கு ஒரு பெண்பாற் சொல் உண்டு என்பதை இலக்கணம் கற்றவர் அறிவர். ஊரார் அத்துணை அறியார். பண்டித பரீட்சையிலே தேறிய பெண்மணிகள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களை ரீச்சர் என்று அழைப்பதோடு ஊர் அமைந்துவிடுகின்றது. அவர்களுள் ஒருவர் சபையிலே எழுந்து, மூத்த பண்டிதர் ஒருவர் கொண்ட உரை பொருந்தாது என்று சொன்னதை நான் கண்டது மிக அரிது. அறியாமையால் அன்று, சொன்னால் என்ன நேரும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

இச்சொல்லை எண்ணுந்தோறும் என் நினைவிலே வந்து நிற்பவர் ஒரு மராட்டியப் பெண்மணி. 1878ஆம் ஆண்டிலே, கல்கத்தா மாநகரிலே, வடமொழிப் பண்டிதர்கள் கூடிய சபையின் முன்னே இருபது பிராயத்தினளான ஒரு பெண் நின்றாள். தந்தையும் தாயும் இறந்துபோயினர். தமையன் ஒருவனே துணை. கேட்ட வினாக்களுக்கெல்லாம் வடமொழியிலேயே தடையின்றி விடையிறுத்தாள். சபையார் வியந்தனர். பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் இரண்டு பட்டங்கள் அவளுக்குக் கிடைத்தன. அன்று தொட்டு அப்பெண் பண்டிதை இரமாபாய் எனப் பாரதநாடெங்கும் பேசப்படலாயினாள்.

பட்டம் கொடுத்தல் எளிது. பட்டத்துக்குப் பொருள் அறிவு. அறிவுக்குப் பயன் தானே ஆராய்ந்து ஒன்றைத் துணிதல். இரமாபாய் அம்மையார் அவ்வாறு துணிந்தபோதெல்லாம், பட்டம் கொடுத்தவர்களும் பாராட்டினவர்களும் பொருள் உதவினவர்களும் ஒருவர்பின் ஒருவராய் முகஞ்சுளித்தார்கள். சிலர் விலகியே போனார்கள். அவருடைய நாற்பத்து நான்கு ஆண்டுப் பொதுவாழ்வை இந்த ஒரு நூலிலே கோத்துவிடலாம் என்பது என் கருத்து.

இக்காலத்தார் பெண்ணியம் என்று ஒரு சொல்லை வழங்குகின்றனர். அதனுள்ளும் கிளைகள் பல சொல்வர். சட்டத்திலும் கல்வியிலும் சமவுரிமை வேண்டுவார் ஒரு சாரார். உழைப்புக்கும் கூலிக்கும் வழி செய்யாமல் உரிமை பேசுவதாற் பயனில்லை என்பார் ஒரு சாரார். சாதியின் கொடுமையையும் நிறத்தின் கொடுமையையும் விட்டுவிட்டுப் பெண்ணடிமையை மட்டும் பேசலாகாது என்பார் இன்னொரு சாரார். குடும்பத்துள்ளும் சமயத்துள்ளும் ஊடுருவி நிற்கும் ஆணாட்சியை வேரொடு நோக்கவேண்டும் என்பாரும் உளர். இவற்றை விளக்கும்படி மாணவர் என்னைக் கேட்பதுண்டு. கிளைகளை எண்ணிக் காட்டுவதினும் ஒருவரது வாழ்வைச் சொல்லுதல் நலம் என்றே நான் எண்ணுகின்றேன். இரமாபாய் எந்தக் கிளையிலும் முற்ற அடங்காதவர். ஆனால் எல்லாக் கிளைகளும் அவர் வாழ்வை ஏதோ ஓரிடத்திலே தொட்டுச் செல்கின்றன.

அவர் தந்தையார் அனந்த சாஸ்திரி டொங்கரே என்பவர், சித்பாவனப் பிராமணர், வடமொழியிலே ஆழ்ந்த புலமையாளர். இளமையிலே பூனா நகரிலே தம் ஆசிரியரிடம் பயின்றபோது, அவ்வாசிரியர் பேஷ்வாவின் மனைவியாருக்கு வடமொழி கற்பிப்பதைக் கண்டார். பெண் ஒருத்தி சுலோகம் சொல்லக் கேட்டது அவருக்குப் பெருவியப்பாயிற்று. வீடு திரும்பியதும் தம் மனைவிக்குக் கற்பிக்க முயன்றார். வீட்டு மூத்தோர் ஒவ்வார், மனைவியும் விரும்பினாரல்லர். அம்மனைவி இறந்தபின், தமது நாற்பத்து நான்காம் பிராயத்திலே, இலட்சுமிபாய் என்னும் ஒன்பது வயதுச் சிறுமியை மணந்தார். பெண்கல்விக்காக ஊரைப் பகைத்த ஒருவருக்கு இந்த மணம் பிழையாகத் தோன்றவில்லை! ஒரு காலத்தவர் கண்ணுக்குத் தெரிவது சில, தெரியாதது சில. நம் கண்ணுக்கும் அப்படியே இருத்தல் கூடும்.

இளமனைவிக்கு அவர் வடமொழி கற்பித்தார். ஊர் கொதித்தது. உடுப்பியிலே அறிஞர் சபையொன்றின் முன் அவர் விடை சொல்ல வேண்டியதாயிற்று. பெண்கள் வடமொழி கற்றலைச் சாத்திரங்கள் முற்றாக விலக்கவில்லை என்று அவர் மேற்கோள்கள் காட்டி நிறுவினார் என்பர். ஆயினும் வேதத்தை மட்டும் அவர் பெண்களுக்குக் கற்பித்தாரல்லர். அந்த ஒரு வேலியை அவரும் தாண்டவில்லை. இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னே இதன் பயன் தெரியும்.

ஊரைத் துறந்து, மேற்குமலைத் தொடரிலே, இன்று கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த கங்காமூலம் என்னும் காட்டிலே அவர் ஒரு குடில் அமைத்தார். அங்கேதான் 1858ஆம் ஆண்டு சித்திரை மாதத்திலே இரமாபாய் பிறந்தார். விருந்தோம்பியே பொருள் முழுதும் அழிந்தது. குழந்தை சில மாதத்துச் சிசுவாயிருக்கையிலே குடும்பம் காட்டைவிட்டுப் புறப்பட்டது. அதன்பின் அவர்களுக்கு நிலையான வீடு இல்லை. தலந்தோறும் சென்று, கோயிலிலும் குளக்கரையிலும் இருந்து புராணம் வாசிப்பதும், கேட்டவர் இடும் தானத்தால் உயிர் வாழ்வதுமே தொழிலாயிற்று. தந்தையார் முதுமையெய்திவிட்டமையால் இரமாபாய்க்கு ஆசிரியராய் அமைந்தவர் தாய். பறவைகள் விழிக்குமுன்னே மகளை எழுப்பி, மடியிலிருத்திப் பாடஞ் சொல்லுவாராம். ஏடு எழுத்தாணி கொண்டு கற்ற கல்வியன்று. வாயாற் சொல்லிச் செவியாற் கொண்டு நெஞ்சிலே பதித்த கல்வி. பாகவதம் முதலியவற்றை அவர் பெரும்பகுதியும் மனனஞ் செய்திருந்தார். மூத்த மகளுக்குச் செய்த குழந்தைமணம் துன்பத்திலே முடிந்தமையால், இளைய மகளை மணமின்றியே பெற்றோர் வளர்த்தனர். பிராமண குலத்திலே பதினாறு வயதுக் கன்னி ஒருத்தி இருத்தல் அக்காலத்திலே கேட்டறியாத செய்தி.

பின்பு பஞ்சம் வந்தது. 1870களின் நடுவிலே தென்னாட்டை வாட்டிய கொடுமை அது. இருந்த பாத்திரங்களும் விற்றுத் தீர்ந்தன. காட்டுக்குட் சென்று இலைகளையும் காட்டுப் பழங்களையும் தின்று நாட்களைக் கழித்தனர். புராணம் வாசித்தலன்றி வேறு தொழில் எவருக்கும் தெரியாது. கூலிவேலை செய்யக் குலப்பெருமை இடந்தரவில்லை. தந்தை இறந்தார். சில கிழமைகளிலே தாயும் இறந்தார். தாயின் உடலைச் சுடலைக்குக் கொண்டுசெல்ல நால்வர் வேண்டும். அயலூர்ப் பிராமணர் இருவரே இரங்கி வந்தனர். மூன்றாமவன் மகன். நான்காமவள் மகள். மற்றையோரிலும் உயரம் குறைந்தவளாதலின் பாடையின் தன் மூலையை அவள் தோளிலே தாங்க முடியவில்லை. தலையிலே தாங்கிச் சென்றாள். மூத்த சகோதரியும் மாண்டாள். எஞ்சிய இருவரும், தமையன் சீனிவாசனும் இரமாபாயும், நடந்தே வடநாடு சென்றனர். ஆயிரக்கணக்கான மைல் தூரம். பசியும் குளிரும் வழித்துணை. ஓரிரவு குளிர் தாங்கமாட்டாமல் ஆற்றங்கரை மணலைக் குழிதோண்டி, கழுத்துவரை மண்ணால் மூடிக்கொண்டு இருந்தனராம். இவ்வாறு வந்து சேர்ந்த பெண்ணே கல்கத்தாச் சபையிலே சரஸ்வதி எனப்பட்டவள்.

பட்டம் அளித்த பண்டிதர்கள் அவளிடம் ஒரு பணியை ஒப்புவித்தனர். உயர்குல மாதர் இருக்கும் அந்தப்புரங்களுக்குச் சென்று, சாத்திரத்திற் கூறிய பெண்கடன்களை எடுத்துரைத்தல் வேண்டும் என்றனர். அதற்காக அவர் தருமசாத்திரங்களை முறையாகப் படிக்கத் தொடங்கினார். படித்தவர் திடுக்கிட்டார். ஆயிரம் பொருளிலே தம்முள் மாறுபடும் நூல்கள் இரண்டு பொருளிலே ஒத்திருந்தன. பெண் இயல்பாகவே தூய்மையற்றவள் என்பது ஒன்று. கணவனை வழிபடுதலன்றி அவளுக்கு வேறு கதியில்லை என்பது மற்றொன்று. நூல்களை அவர் கண்டவாறு இது. அவற்றுள்ளே வேறு குரல்களும் உண்டு என்று வாதிக்க இடமுண்டுதான். அவ்வாதத்தைப் பின்வந்தோர் பலர் செய்துமிருக்கின்றனர். ஆனால் தம்மை உபதேசியாக்க எண்ணியவர் கொடுத்த நூல்களையே வைத்துக்கொண்டு அவர் உபதேசத்தை ஆராயத் தலைப்பட்டார் என்பதே இங்கு நோக்கத்தக்கது. அதே காலத்திலே பிரம சமாசத் தலைவர் கேசவ சந்திர சேனர் அவர் கையிலே வேதநூலைக் கொடுத்துப் படிக்கும்படி சொன்னார். தந்தையார் தாண்டாத வேலி அது. சிறிது காலம் தயங்கிய பின்னர் மகள் அதனைத் தாண்டினாள்.

1880இலே தமையனும் மாண்டான். அவ்வாண்டிலேயே இரமாபாய், விபின் விகாரி மேதாவி என்னும் வங்காளத்துச் சட்டத்தரணியை மணந்தார். மணமகன் சூத்திரர் என எண்ணப்பட்டவர். சமயச் சடங்கு ஏதுமின்றிச் சட்டப்படி நடந்த மணம். சரஸ்வதியின் அவதாரம் என்று பேசின வாய்கள் மூடிக்கொண்டன. மனோரமை என்னும் பெண்குழந்தை பிறந்தது. 1882 பெப்ரவரியிலே கணவர் வாந்திபேதியால் இறந்தார். இருபத்துமூன்று வயதிலே இரமாபாய் கைம்பெண். கைக்குழந்தை, பிறந்த வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை.

பூனாவுக்கு வந்தார். இரானடே, பண்டார்க்கர் முதலிய சீர்திருத்தப் பெரியோர் அவரை வரவேற்றனர். ஆரிய மகிளா சமாசத்தை நிறுவினார். பெண்களுக்கு ஒழுக்கமும் கல்வியும் கூறும் ஸ்திரீ தர்ம நீதி என்னும் நூலை மராத்தியிலே எழுதினார். அந்நூலைப் பற்றிய என் எண்ணத்தை மறைக்க வேண்டியதில்லை. அது நல்ல மனைவியையும் நல்ல தாயையும் ஆக்குவதற்கான நூல். சீர்திருத்த ஆடவர் எதை விரும்பினார்களோ அதையே அளித்த நூல். அதே 1882ஆம் ஆண்டிலே, அதே மராத்தி மொழியிலே, தாராபாய் சிண்டே என்னும் பெண்மணி, ஆண்களையே நேரே கூண்டிலேற்றி வினாவிய ஒரு சிறுநூலை எழுதினார். துணிவிலே தாராபாயின் நூலே மேலானது. இரமாபாயின் துணிவு நூலிலன்றி வேறிடத்திலே வெளிப்பட்டது. அவ்வாண்டு கல்வி ஆணைக்குழு விசாரணை நடத்தியபோது அதன்முன் சாட்சி சொல்லி, பெண்பாடசாலைகளுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும், நோயுற்ற பெண்களுக்குப் பெண் வைத்தியர் வேண்டும், கற்ற ஆடவருட் பெரும்பாலோர் பெண்கல்விக்குப் பகைவரே என்று தயங்காமல் உரைத்தார்.

தாமே வைத்தியம் கற்க விரும்பி 1883இலே இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைந்துகொண்டு வந்தமையால் அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரிலே, தம்மை ஆதரித்த ஆங்கிலத் திருச்சபைக் கன்னியர் மடத்திலே மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். இச்செய்தி பூனாவை எட்டியபோது எழுந்த சினத்தைச் சொல்ல வேண்டா. பூனாவிலே அவருக்காகப் பேசிய குரல்களுள் ஒன்று சோதிராவ் பூலேயினது. 1848இலே மனைவி சாவித்திரிபாயோடு பெண்பாடசாலை தொடங்கியவர் அவர். சாத்திரங்களைக் கற்ற ஒரு பெண் அவற்றிலே தனக்கும் சூத்திரருக்கும் இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டு வெளியேறினால் அதிலே வியப்பென்ன என்பது அவர் கொண்ட கருத்து.

மதம் மாறியதை நான் போற்றவும் இல்லை, இகழவும் இல்லை. அது அவரது உள்ளத்துச் செய்தி. ஆனால் புதிய சமயத்தினரும் பழைய சமயத்தினரைப் போலவே அவரிடம் பணிவை எதிர்பார்த்தனர் என்பதைச் சொல்லாமல் விடல் ஆகாது. செல்ரன்ஹாம் மகளிர் கல்லூரியிலே அவர் வடமொழி கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஆடவருக்கும் பாடஞ் சொல்லலாமா என்ற பேச்சு வந்தது. இந்தியாவிலிருந்த மேற்றிராணிமார் அது தகாது என்றனர். ஆடவர் நிறைந்த சபைகளிலே பேசிப் பட்டம் பெற்ற ஒருவரிடம் சொன்ன சொல் இது! கிறித்தவக் கோட்பாடுகளையும் அவர் கேள்வி கேட்காமல் ஏற்கவில்லை. தமக்கு ஞானத்தாயாய் நின்ற கன்னிகையோடு நீண்ட கடிதவாதம் நடத்தினார். புலாலுண்ணவில்லை, தம் நாட்டு வெள்ளைச் சேலையையும் விடவில்லை. ஒரு நுகத்தை நீக்கியவர் வேறொரு நுகத்தைத் தாமே எடுத்துக் கழுத்திலே இட்டுக்கொள்ள விரும்பவில்லை.

1886இலே அமெரிக்கா சென்றார். பென்சில்வேனியா மகளிர் வைத்தியக் கல்லூரியிலே ஆனந்திபாய் ஜோசி வைத்தியப் பட்டம் பெற்ற விழாவைக் காணவே முதலிற் சென்றார். இரண்டு ஆண்டுக்கு மேலாகத் தங்கிவிட்டார். 1887இலே உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலையைக் கூறும் ஆங்கில நூலை வெளியிட்டார். குழந்தைமணம், கைம்மை, கல்வியின்மை என்பவற்றை உலகறியச் செய்த நூல் அது. அவ்வாண்டின் இறுதியிலே பொஸ்டன் நகரத்தார் ஒரு கழகம் அமைத்து, கைம்பெண் பாடசாலைக்குப் பத்து ஆண்டு பொருளுதவ உறுதி கூறினர். 1888இலே வாசிங்டனிலே கூடிய உலக மாதர் மகாநாட்டிலும் பேசினார். அங்கே அவர் கண்டது பெண் உரிமைக்காகப் பெண்களே கழகம் அமைத்து, நிதி திரட்டி, மேடையேறி வாதாடும் முறை. இந்தியாவிலே அன்று பெண்களுக்காகப் பேசியவர் பெரும்பாலும் ஆடவர். இந்த வேறுபாட்டை அவர் மறக்கவில்லை.

யப்பான் வழியாக நாடு திரும்பி, 1889 மார்ச்சு 11ஆந் திகதி பம்பாயிலே சாரதா சதனம் என்னும் பாடசாலையைத் திறந்தார். மறு ஆண்டு அது பூனாவுக்கு மாறிற்று. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் உயர்குலத்து இளங்கைம்பெண்கள். கணவன் முகத்தையே அறியாதவரும் அவருள் இருந்தனர். மயிர் களைந்து, ஒருவேளை உண்டு, அமங்கலம் என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தவர்கள் நீண்ட கூந்தலோடும் கையிலே புத்தகத்தோடும் நடமாடினர். அவ்வாண்டு இறுதியிலே பம்பாயிலே நடந்த சமூக மகாநாட்டிலே, கைம்பெண்களின் தலைமயிர் களையும் வழக்கத்தைக் கண்டித்து அம்மையார் பேசினார். குரல் கேட்கவில்லை என்று ஆடவர் ஆரவாரித்தனர். பெண்ணின் குரல் வலிமைபெற இத்தனை காலமும் இடங்கொடாதவர்களுக்கு அது கேளாதது இயல்பே என்னும் பொருள்பட விடையிறுத்தார் என்பர்.

சதனத்திலே சமயம் கற்பித்தல் இல்லை. பிராமண வழக்கப்படியே சமையலும் உணவும் நடந்தன. ஆனால் அம்மையார் தம் அறையிலே வழிபடும்போது கதவை அடைப்பதில்லை. விரும்பிய மாணவிகள் வந்து இருப்பதைத் தடுப்பதுமில்லை. இதுவே நெருப்பாய் மூண்டது. சம்மதவயதை பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பூனா ஏற்கெனவே கொதித்திருந்தது. அச்சட்டத்தை எதிர்த்த திலகருடைய கேசரிப் பத்திரிகை சதனத்தையும் தாக்கிற்று. 1893இலே இரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைச் சபையிலிருந்து விலகினர். பெற்றோர் மாணவிகளை மீட்டுச் சென்றனர்.

இங்கே நடுவுநிலையோடு பேசுதல் வேண்டும். சமயச் சார்பின்றி நடத்துவதாகச் சொல்லிப் பெற்ற நம்பிக்கை ஒன்று உண்டு. திறந்த கதவு அந்நம்பிக்கையை நலிவித்தது என்று பெற்றோர் அஞ்சியதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட நான் ஒருப்படேன். ஆதரவற்ற இளம்பெண்ணுக்குத் தன்னை ஆதரித்தவரின் வழிபாடு எத்துணைக் கவர்ச்சியுடையதாகும் என்பது யாருக்கும் விளங்கும். ஆயினும் அந்த வாதப் பிரதிவாதம் முழுவதிலும் ஒருவரும் கேளாத கேள்வி ஒன்று இருந்தது. அம்மாணவிகள் என்ன விரும்புகின்றார்கள்? தகப்பன்மார் பேசினர், பத்திராசிரியர் பேசினர், சபையார் பேசினர். அப்பெண்களைச் சமைக்கப்படாத களிமண் என்றே எல்லாரும் எண்ணினர். இரமாபாய் மட்டும் அவர்கள் கண்டு, கேட்டு, துணியும் ஆற்றலுடையவர் என்ற நினைவோடு நடந்தார்.

சதனத்து மாணவிகளுள் கோதுபாய் என்பவரை அவ்வாண்டிலேயே தோண்டோ கேசவ கார்வே என்னும் கணித ஆசிரியர் மறுமணஞ் செய்தார். ஊர் அவரைச் சாதியிலிருந்து விலக்கிற்று. அந்தக் கார்வேதான் 1896இலே கைம்பெண் இல்லமும் 1916இலே மகளிர் பல்கலைக்கழகமும் நிறுவியவர். சதனம் தந்த கனிகளை மதத்தின் பெயராலே மட்டும் எண்ணுவோர் இதனையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும்.

இன்னொரு வாதத்தையும் ஈழத்துச் சைவ மக்கள் அறிதல் நன்று. 1895இலே அமெரிக்காவிலே, கைம்பெண் நிலைபற்றிச் சுவாமி விவேகானந்தர் கூறியவற்றை இரமாபாய் கழகத்தார் மறுத்தனர். பத்திரிகைகளிலே வாதம் மூண்டது. சுவாமிகள் 1897இலே யாழ்ப்பாணம் வந்தபோது நம் முன்னோர் செய்த வரவேற்பு நம் செவிகளிலே இன்னும் ஒலிக்கின்றது. அவரிடம் எனக்குள்ள மதிப்பும் சிறிதன்று. அந்நியர் முன்னே தாய்நாட்டின் மானத்தைக் காத்தல் அவர் நோக்கம். அந்த மானத்தின் நிழலிலே மறைந்து கிடந்த துன்பத்தை வெளியிடுதல் இவர் நோக்கம். கைம்பெண்களின் உண்மைநிலைபற்றிய மட்டில், அவர்களோடு வாழ்ந்தவர் இரமாபாயே. சுவாமிகளும் வங்காளத்துக் கைம்பெண் பாடசாலை ஒன்றுக்கு அங்கேயே சொற்பொழிவாற்றிப் பொருள் திரட்டிக் கொடுத்தார் என்பதைச் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

1896ஆம் ஆண்டு நடுமாகாணங்களிலே மீண்டும் பஞ்சம் வந்தது. இலை தின்று கிடந்த பழைய நாட்கள் அம்மையார் நினைவுக்கு வந்திருக்கும். தாமே சென்று, அநாதைகளாய்த் திரிந்த பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கிலே அழைத்துவந்து, பூனாவுக்கு அப்பாலுள்ள கேட்காவ் என்னும் கிராமத்திலே தாம் வாங்கியிருந்த தோட்டத்திலே குடியேற்றினார். அதுவே முக்தி எனப் பெயர்பெற்றது. 1900ஆம் ஆண்டுக் குசராத்துப் பஞ்சத்தின்பின் அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இருந்தனர். உயர்சாதிப் பெண்ணுக்கென்று தொடங்கிய பணி இப்பொழுது எச்சாதியாருக்கும் உரியதாயிற்று. இது அவர் முன்கூட்டியே வகுத்த கொள்கையன்று. பசி அதனை வகுத்தது.

அங்கே அவர் செய்த ஏற்பாட்டிலே என் உள்ளம் தோயும். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பயிர்ச்செய்கை, பால் கறத்தல், சமையல், தையல், அச்சுக்கோத்தல் எல்லாம் பெண்களே செய்தனர். கண்ணிழந்தவர்கள் விரலாற் புள்ளியெழுத்தைத் தடவிப் படித்தனர். வழிதவறியவர் என்று ஊர் துரத்திய பெண்களுக்கும் தனி இல்லம் இருந்தது. தம் குடும்பம் பட்டினியால் அழிந்தது புராணமன்றி வேறு தொழில் அறியாமையாலும், அறிந்தாலும் செய்யக் குலப்பெருமை விடாமையாலும் என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை. ஆகவே எழுத்தோடு கைத்தொழிலையும் சேர்த்தே கற்பித்தார். உழைத்து உண்ணும் பெண்ணே தன் கருத்தைத் தான் சொல்லமுடியும் என்று இக்காலப் பெண்ணியவாதிகளுள் ஒரு சாரார் கூறுவதை அவர் பேசாமற் செய்து காட்டினார்.

அரசினரும் அவருக்கு அஞ்சத்தக்கவராய் இருக்கவில்லை. 1897இலே பூனாவிலே கொள்ளைநோய் பரவியபோது, அரசினர் வைத்தியசாலைகளிலும் முகாங்களிலும் பெண்களுக்கு நேர்ந்த இழிவைப் பத்திரிகையிலே எழுதினார். அது பிரித்தானியப் பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. தம் சமயத்தினரின் ஆட்சி என்று வாளாவிருந்தாரல்லர். 1919இலே அதே அரசு அவருக்குக் கைசர்-இ-ஹிந்துப் பதக்கம் வழங்கிற்று.

அவர் மறைந்தபின் நெடுங்காலம் அவரைச் சொந்தமென்று கொள்வார் குறைவாயினர். தேசிய வரலாறு எழுதியவர்க்கு அவர் மதம் மாறியவர். இந்திய அரசு 1989இலே அவர் உருவம் பொறித்த முத்திரை வெளியிட்டது. அவரைக் கண்டித்த மேற்றிராணிமாரின் திருச்சபையே இன்று அவருக்கு ஆண்டுதோறும் ஒரு நினைவுநாளை ஒதுக்கியிருக்கின்றது. இறந்தவர் எதிர்வாதம் செய்யார் அல்லவா?

என் வகுப்பிலே இப்பொழுது நன்னூல் படிப்பவருட் பெரும்பாலார் பெண்கள். பட்டம் பெறுகின்றனர், உத்தியோகம் பெறுகின்றனர், திருமணப் பேச்சிலே பட்டத்தின் பெயரும் சீதனக் கணக்கோடு சேர்த்து வாசிக்கப்படுகின்றது. மணமகன் யார், வேலையை விடுவதா தொடர்வதா, காணியை எழுதுவதா விடுவதா என்ற இடம் வந்ததும் பெரியவர்கள் கூடி முடிவு சொல்கின்றனர். பிள்ளை படித்தவள், ஒத்துக்கொள்வாள் என்கின்றனர். படித்தவள் ஆகையால் ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம் என்பதைப் படிப்பித்த நாங்களே வாய்விட்டுச் சொல்வதில்லை. இரமாபாயின் வரலாற்றை வகுப்பிலே நான் சொல்லும்போது மாணவர் சிலர் அவர் சமயத்தைப் பற்றியே கேட்கின்றனர். மாணவிகள் பெரும்பாலும் அந்தப் பாடையைப் பற்றிக் கேட்கின்றனர்.

கடைசிக் காலத்திலே அம்மையார் மேற்கொண்டது ஒரு மொழிபெயர்ப்பு. எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் மராத்தியிலே பெயர்த்தார். ஏறத்தாழப் பதினேழு ஆண்டு உழைப்பு. வழக்கிலிருந்த மொழிபெயர்ப்பிலே வடசொற்கள் மலிந்து கிடந்தன. அவை கிராமத்துப் பெண்ணுக்கு விளங்கா என்று கண்டார். வடமொழியாற் புகழ்பெற்ற சரஸ்வதி, வடசொற்களை ஒவ்வொன்றாய் நீக்கி, எண்ணெய் ஆட்டுகிறவளும் மாடு மேய்க்கிறவளும் பேசும் சொற்களைத் தேடித் தேடி எழுதினார். பண்டிதர்க்கு இதனினும் கடினமான தவம் வேறில்லை. சொல்லுகிறவன் அத்தொழிலில் இருப்பவன். 1921இலே, தமக்குப்பின் பணியை ஏற்பாள் என்று எண்ணியிருந்த மகள் மனோரமை இறந்தார். தாய் அச்சுப்பிழை திருத்துவதை நிறுத்தவில்லை. கடைசித் தாள்களையும் பார்த்து முடித்த சில நாட்களிலே, 1922 ஏப்பிரல் 5ஆந் திகதி, உறக்கத்திலே உயிர் பிரிந்தது. அந்நூலுக்கு எழுத்துக்கோத்து, மையிட்டு, தாள் மடித்தவர்கள் அனைவரும் பெண்கள். அவருட் பலர், முக்திக்கு வந்த நாளிலே தம் பெயரையும் எழுத அறியாதவர்கள்.